தும்மல் மாத்திரை போட்டுவிட்டு வண்டி எடுக்கலாமா?

அலர்ஜி மாத்திரை சாப்பிட்டவர்கள் சாவியை எடுக்கும்போது தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "தூக்கம் வருதா?" வரவில்லை என்றால் கிளம்பிவிடுகிறார்கள். இந்தச் சோதனையை நம்பவே கூடாது.

அமெரிக்காவின் ஐயோவாவில், ஓட்டுநர் சிமுலேட்டரில் 40 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. பழைய தலைமுறை அலர்ஜி மருந்தான டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி., புதிய தலைமுறை மருந்தான ஃபெக்ஸோஃபெனடின் 60 மி.கி., ரத்தத்தில் 0.1 சதவீதம் ஏறும் அளவுக்கு மது, மருந்தே இல்லாத போலி மாத்திரை. ஒவ்வொருவரும் வெவ்வேறு முறை இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு ஓட்டினார்கள். முன்னால் போகும் கார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது அதற்கு ஈடுகொடுத்துப் பின்தொடர வேண்டும். இதில் மது குடித்து ஓட்டியதைவிட டைஃபென்ஹைட்ரமின் போட்டு ஓட்டியதுதான் மோசம். ஃபெக்ஸோஃபெனடினுக்கும் போலி மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதைவிட முக்கியம், "எனக்கு இவ்வளவு தூக்கமாக இருக்கிறது" என்று அவர்கள் சொன்னதை வைத்து, யார் எப்படி ஓட்டுவார்கள் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை.

காரணம், மூக்கில் தும்மலைக் கிளப்பும் அதே ஹிஸ்டமின் என்ற ரசாயனம்தான் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் தாராளமாக நுழைந்து அதையும் அடைத்துவிடும். கண் சொக்குவதற்கு முன்பே கவனம் மழுங்கும், பிரேக் பிடிக்கும் கால் தாமதிக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. அரை நொடி தாமதித்தால் 8 மீட்டர். முன்னால் நிற்கும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் அந்த 8 மீட்டர் இல்லாமல் போகலாம்.

பழைய தலைமுறையில் நம் ஊரில் அதிகம் புழங்குபவை: சி.பி.எம். என்கிற குளோர்ஃபெனிரமின், அவில் என்று எல்லோரும் கேட்டு வாங்கும் ஃபெனிரமின், அரிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிசின், சில இருமல் சிரப்புகளில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின்.

ஜலதோஷ மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமால் 500 மி.கி., ஃபினைலெஃப்ரின் 10 மி.கி., குளோர்ஃபெனிரமின் மாலியேட் 2 மி.கி. என்று மூன்று வரி இருக்கும். காய்ச்சல் மாத்திரை என்று நினைத்து விழுங்குவோம், கவனத்தைக் கெடுப்பது அந்த மூன்றாவது வரி. மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரையை வெட்டி பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்தால் இந்த வரிகளே கண்ணில் படாது. பெயர் இருக்கும் பக்கத்தோடு வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது முழு அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"ராத்திரிதானே போட்டேன், காலையில் சரியாகிவிடும்" என்பதும் சி.பி.எம். விஷயத்தில் செல்லாது. பெரியவர்களின் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்குப் போட்டதில் பாதிக்கு மேல் மறுநாள் காலை 8 மணிக்கும் உடம்பில் இருக்கும். தினம் மூன்று வேளை என்று போட்டால் ஒன்றன்மேல் ஒன்று சேரும்.

செட்டிரிசின் 10 மி.கி. தூக்கம் தராது என்று பெயர் வாங்கிவிட்டது. பழையவற்றைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். சோதனைகளில் 100 பேரில் 14 பேருக்குத் தூக்கக் கலக்கம் வந்தது, போலி மாத்திரை போட்டவர்களில் 6 பேருக்கு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கு ஃபெக்ஸோஃபெனடின், லோராட்டடின் இரண்டையும் அனுமதிக்கிறது, செட்டிரிசினை அனுமதிப்பதில்லை. டைஃபென்ஹைட்ரமின் சாப்பிட்டவர் 60 மணி நேரம் விமானம் ஓட்டக் கூடாது. நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவர்களும் இதே அளவுகோலை எடுத்துக்கொள்வது நல்லது.

டாக்டர் எழுதும் மான்டெலுகாஸ்ட் கூட்டு மாத்திரைகளில் பெயருக்குப் பின்னால் 'எல்.சி.' என்று இருந்தால் பெரும்பாலும் உள்ளே செட்டிரிசினின் நெருங்கிய உறவான லெவோசெட்டிரிசின், 'எஃப்.எக்ஸ்.' என்றால் ஃபெக்ஸோஃபெனடின். "நான் வண்டி ஓட்டுகிறவன், எஃப்.எக்ஸ். ஒத்துவருமா?" என்று அவரிடமே கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் செட்டிரிசினின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டாலும், அலுமினியமும் மெக்னீசியமும் சேர்ந்த அல்சர் டானிக்கை அதே நேரத்தில் குடித்தாலும் மருந்து சரியாக உடம்பில் சேராது. "இது வேலைக்காகல" என்று சிலர் மறுபடி அவிலுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மருந்தே வேண்டாம் என்று தும்மிக்கொண்டே ஓட்டுவதும் ஆபத்துதான். தும்மும்போது கண் மூடிக்கொள்ளும். மூக்கடைப்புதான் தொல்லை என்றால் ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே மூக்கிலேயே வேலை செய்யும், தூக்கம் தராது. ஆனால் முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். தலையை லேசாக முன்னால் குனிந்து, மூக்கின் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். அசெலாஸ்டின் ஸ்ப்ரே வேறு ரகம், அது சிலருக்குத் தூக்கம் தரும்.

மாத்திரையோடு மது சேர்ந்தால் இரண்டின் மந்தமும் கூடும். தூக்க மாத்திரை, அல்பிரசோலம், அமிட்ரிப்டிலின், பிரிகாபலின், டிரமடால் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதை. காபி கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து வைக்கும், மருந்தை முறிக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு மதுவுக்கு மட்டுமானது என்று நினைப்பவர்கள் உண்டு. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் ஓட்டுவதும் அதில் வரும். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

புதிதாக எந்த அலர்ஜி மருந்து தந்தாலும் முதல் வேளையை வண்டி எடுக்க வேண்டாத நாளில் போடுங்கள், மறுநாள் காலை வரை உடம்பைக் கவனியுங்கள். முந்தின இரவு சி.பி.எம்., அவில் வகை போட்டிருந்தால் அன்று பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய்விடுங்கள்.