வெம்ப்ளி வெற்றியும் என் கொப்பியின் புள்ளிகளும்

இங்கிலாந்துக் கால்பந்தாட்டக் கழகமான மன்செஸ்டர் யுனைடெட்டின் ஆட்டங்களைப் பார்க்கும்போது, ஒரு கொப்பியில் மைதானத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, எதிரணி கோலை நோக்கி அடித்த இடங்களைச் சிவப்புப் பேனையாலும், எமது அணி பந்தைப் பறித்த இடங்களை நீலப் பேனையாலும் குறித்து வருகிறேன். கோல்களை எவரும் நினைவில் வைத்திருப்பார்கள். அணி எங்கே பலவீனப்படுகிறது என்பதை இந்தப் புள்ளிகள்தாம் காட்டுகின்றன.

2023-24 பருவகாலத்தின் பக்கங்களில் சிவப்பே மிகுதி. முன்வரிசை மேலேறி எதிரணியை நெருக்க, பின்வரிசை தன் கோலுக்கு முன்னுள்ள பெட்டியை நோக்கிப் பின்வாங்க, இரண்டுக்கும் நடுவே ஒரு பெருவெளி ஆட்டத்துக்கு ஆட்டம் திறந்தே கிடந்தது. மே 6 அன்று கிறிஸ்டல் பலஸிடம் 4-0 எனத் தோற்றபோது, நடுக்கள வீரரான கசேமிரோவைப் பின்களத்தில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை இப்போதும் விருப்பத்துடன் புரட்ட முடியவில்லை. பிரீமியர் லீக்கில் 57 கோல்களைப் போட்டு 58 கோல்களை வாங்கி, 60 புள்ளிகளுடன் 8ஆம் இடத்தில் முடித்தோம்.

இந்த நிலையில்தான் மே 25 அன்று, தோற்றால் வெளியேறும் தொடரான எஃப்.ஏ. கிண்ணத்தின் இறுதிப் போட்டி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் வந்தது. வெசாக் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் கூடுகளைக்கூட இன்னும் இறக்கவில்லை. எதிரணி, முந்தைய ஆண்டின் இறுதிப் போட்டியில் எங்களை 2-1 என வென்ற அதே மன்செஸ்டர் சிட்டி.

காயத்தால் பருவகாலத்தின் பெரும்பகுதியை இழந்திருந்த லிசாண்ட்ரோ மார்டினெஸ், வரானுடன் பின்வரிசைக்குத் திரும்பியிருந்தார். நிரந்தர முன்கள வீரர் எவரையும் நிறுத்தாமல், புரூனோவையும் மக்டோமினேயையும் முன்னால் வைத்து, மற்றவர்கள் அனைவரும் நெருங்கி நிற்கும்படி பயிற்றுவிப்பாளர் எரிக் டென் ஹாக் அணியை அமைத்திருந்தார். பந்து பெரும்பாலும் சிட்டியிடமே இருந்தது. அருகில் இருந்த மருமகனுக்குப் பொறுமை இல்லை. "மாமா, பந்து முழுக்க அவங்களிட்டைத்தானே இருக்கு, நீங்கள் என்னத்துக்குச் சந்தோசப்படுறியள்?" என்றான். அவனிடம் கொப்பியைக் காட்டினேன்: நடுவில் வழக்கமாக வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் அன்று நீலப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன.

30ஆம் நிமிடத்தில் சிட்டியின் க்வார்டியோல் தன் கோல் காப்பாளருக்குத் தலையால் தட்டிய பந்து அவரைத் தாண்டிச் செல்ல, கர்னாச்சோ அதை வெற்றுக் கோலுக்குள் தள்ளினார். அது சிட்டியின் தவறால் கிடைத்தது. 39ஆம் நிமிடக் கோல் அப்படிப்பட்டதன்று: ரஷ்போர்ட் இடப்பக்கத்திலிருந்து மைதானத்தின் குறுக்கே அனுப்பிய நீண்ட பந்தை கர்னாச்சோ உள்ளே கொடுக்க, புரூனோ ஒரே தொடுகையில் மெய்னூவின் ஓட்டத்துக்குத் தட்டிவிட்டார், மெய்னூ பதறாமல் மூலையில் செலுத்தினார். கோல் போட்ட இருவருக்கும் அப்போது வயது 19. 87ஆம் நிமிடத்தில் சிட்டியின் டொக்கு ஒன்றைத் திருப்பியடித்தும், ஆட்டம் 2-1 என முடிந்தது.

அந்த வெற்றியால் நம்பிக்கை பிறந்தது உண்மை; ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதே என் கணிப்பு. பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டுக் காத்திருக்கும் ஆட்டத்தில் அந்தப் பெருவெளி தானாகவே மூடிக்கொள்ளும். நாமே பந்தை வைத்து ஆடவேண்டிய நாள்களில் அது மீண்டும் திறக்கிறது. அடுத்த பருவகாலத்தில் அதுவே நடந்தது. ஒப்பந்தம் நீடிக்கப்பட்ட டென் ஹாக் 2024 ஒக்டோபரில் நீக்கப்பட, அணி லீக்கில் 15ஆம் இடத்தில் முடித்தது.

இப்போது பச்சைப் பேனை ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். பின்வரிசைக்கும் நடுக்களத்துக்கும் உள்ள தூரத்தைக் குறிப்பதற்காக. கமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் பின்வரிசை அடிக்கடி திரைக்கு வெளியே போய்விடுகிறது. அதனால், திரையில் மைதானம் அகலமாகத் தெரியும் தருணமான எதிரணியின் கோல் உதையின்போது மட்டும் குறித்துக்கொள்கிறேன்.