பிரவுன் அட்டை நோட்டு

ஜூலை 8, செவ்வாய்

கல்லூரியில் பிடுங்கி வைத்த தம்பியின் ராப் நோட்டு இன்னும் கைக்கு வரவில்லை. விசாரணை முடியட்டும் என்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அம்மா எழுதிய பால் கணக்கு இருக்கிறது. இந்த மாசத்துக்கு எவ்வளவு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

ஜெராக்ஸ் கொடுத்தார்கள். 9 பக்கம். அங்கங்கே அடிக்கோடு. மூன்றாம் பக்கத்தில் தம்பி எழுதியது:

எங்கிட்ட இருக்குறது ஒரே கத்தி
கத்திக் கத்தியே மழுங்கின கத்தி

கோடு முதல் வரிக்கு மட்டும். அடுத்த வரிக்குக் கண் போகவே இல்லையா? நாலு தரம் வருகிறது கத்தி. நடுவில் இருக்கும் இரண்டும் தொண்டையிலிருந்து வருபவை. கத்திக் கத்திக் குரல் போன பையனின் வரி இது. பேருந்தில், வேலையில், சாப்பிடும்போது என்று இன்றைக்கு முழுக்க அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் தம்பி கேஸ் சிலிண்டரில் தாளம் தட்டவில்லை.

ஜூலை 12, சனி

மணி இரண்டரை. தூக்கம் இல்லை. தெரு வக்கீல் அண்ணன் சொன்ன அமெரிக்க வழக்குகளைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நியூ ஜெர்சியில் ஒருத்தன் மேல் கொலைமுயற்சி வழக்கு. காரின் பின்சீட்டில் கிடந்த அவனுடைய ராப் நோட்டுகளிலிருந்து 13 பக்கத்தை ஜூரிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அதில் பல வரிகள் சம்பவத்துக்கு வருஷக்கணக்கில் முன்னால் எழுதியவை. தண்டனையும் ஆகிவிட்டது. 2014இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், குற்றத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத வரிகளை அப்படி வாசித்தது தப்பு என்றது. ஷெரீஃபைச் சுட்டேன் என்று பாட்டு எழுதிய பாப் மார்லி நிஜமாகவே சுட்டார் என்று யாரும் நினைப்பதில்லையே என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 2022இல் இதற்கென்றே சட்டம் வந்தது. ஆனால் அடுத்த வருஷமே ஜார்ஜியாவில் யங் தக் என்கிற ராப் பாடகரின் வழக்கில் பாட்டு வரிகளை நிபந்தனையோடு சாட்சியமாக அனுமதித்தார் நீதிபதி. அப்படியானால் ஒன்றும் முடியவில்லை.

நம் ஊரிலும் நடந்ததுதானே. 2015 அக்டோபரில் திருச்சியில் பாடகர் கோவனைக் கைது செய்தார்கள், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்கு. தேசத்துரோகப் பிரிவு. தம்பிக்கு அப்போது பத்து வயசு. "பாடினா புடிப்பாங்களாக்கா?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமே இல்லை.

ராப்பில் வருகிற ‘நான்’ எழுதினவன் மட்டும் இல்லை. சில நேரம் அது தெரு, சில நேரம் செத்துப்போன சிநேகிதன், சில நேரம் எதிராளியே. பள்ளிக்கூடத்திலிருந்து ‘கூற்று’ என்று படித்துத்தானே வருகிறோம்? குறுந்தொகையில் கபிலர் தலைவியாக நின்று பேசுகிறார். காதலனைக் கள்வன் என்கிறார், அன்றைக்கு அங்கே இருந்தது ஒரு குருகு மட்டும்தான் என்கிறார். அது தலைவி கூற்று என்று எந்தக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். என் தம்பிக்கு மட்டும் அந்தப் படிப்பு ஏன் இல்லாமல் போகிறது?

ஜூலை 13, ஞாயிறு

அம்மா கிட்ட வந்து, குரலை இறக்கிக் கேட்டாள்: "அவன் நெசமாவே கத்தி வெச்சிருக்கானாடி?"

கத்திவிட்டேன். அப்புறம் அழுகை வந்தது.

பெரியப்பா சாவுக்கு மாரடித்து ஒப்பாரி வைத்தவள் இவள்தான். எமன் வீட்டுக் கூரையைக் கொளுத்துவேன், இந்த ஊரையே எரிப்பேன் என்று பாடினாள். யாராவது தீப்பெட்டியை ஒளித்து வைத்தார்களா? கூட உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அது ஒப்பாரி. இது என்னன்னு எனக்குத் தெரியலையே" என்றாள்.

இதுவும் அதுதாம்மா.

ஜூலை 14, திங்கள்

எதிர் மண்டபத்தில் கல்யாணம். பேட்டை ராப் போட்டார்கள். 1994 பாட்டு, எனக்கே அப்போது நடை பழகியிருக்காது. தாத்தாக்கள் வரை ஆடினார்கள். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களுக்கு ராப் வேண்டும், கடை விளம்பரத்துக்கு ராப் வேண்டும். பிப்ரவரியில் ஆண்டு விழாவுக்கு எழுதித் தரச் சொல்லி இவனைக் கூப்பிட்டதே இதே கல்லூரிதான். மைக் கொடுத்த கையே இன்றைக்கு நோட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறது. ஆத்திரம் அடங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. பால்காரருக்கு 600 கொடுத்தேன், குத்துமதிப்பாக.

ஜூலை 16, புதன்

கல்லூரியில் விசாரணை. உள்ளே என்னை விடவில்லை. 40 நிமிஷம். வெளியே வந்து தம்பி சொன்னது: முதல் கேள்வி பாட்டைப் பற்றி இல்லை. "வீடு எங்க?" வியாசர்பாடி என்றதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம். அதற்கப்புறம்தான் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார்களாம்.

‘கத்தி’க்கு இரண்டு அர்த்தம் என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் எல்லா வரிக்கும் எழுத்தில் விளக்கம் கொடு, வெள்ளிக்கிழமைக்குள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பொழிப்புரை. இருபது வயசில் தன் பாட்டுக்குத் தானே.

ஜூலை 17, வியாழன்

ராத்திரி பத்தரை. கோடு போட்ட தாள், அடியில் கார்பன். முதல் வரிக்கே ஒரு பக்கம் ஆகிவிட்டது. "இப்படி எழுதினா பாட்டே செத்துடும்க்கா" என்றான். எழுதுடா என்றேன். அம்மா டீ போட்டு வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரெண்டாவது வரியை எனக்கு ஒருவாட்டி பாடிக் காட்டு" என்றாள்.