நடைமேடையில் ஒரு கிங்கோ இலை

நவம்பர் 18, 2024, திங்கள்

டோக்கியோவின் டெனென்சோஃபு நிலையத்தில் ரயில் மாறினேன். இரண்டு ஆண்டுகளாகக் காலையும் மாலையும் இதே வேலைதான். கிகுனாவில் தோயோகோ தடத்து ரயிலைப் பிடித்து, இங்கே இறங்கி, அதே நடைமேடையின் மறுபக்கம் வரும் மெகுரோ தடத்து ரயிலில் ஏறினால் ஓகாயாமா, ஆய்வகம். எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது காலடிகள். இந்த ஊரில் நான் நடந்தது மொத்தமும் அவ்வளவே. தண்டவாளம் தரைமட்டத்துக்குக் கீழே ஓடுவதால், மேலே இருப்பது வீடா காடா என்றுகூடத் தெரியாது.

இன்று முன்னால் போன பெரியவரின் காலணியிலிருந்து ஒரு கிங்கோ இலை கழன்று விழுந்தது. விசிறி வடிவம், நல்ல மஞ்சள், காம்பருகே மட்டும் பச்சை போகவில்லை. பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் கல்லின் மேலேயே விழுந்ததால் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நோட்டுக்குள் வைத்தேன்.

நவம்பர் 20, புதன்

தூக்கக் கலக்கம். விரைவு ரயில் என்று நினைத்துச் சிறப்பு விரைவு ரயிலில் ஏறிவிட்டேன். அது டெனென்சோஃபுவில் நிற்காது. பணக்காரக் குடியிருப்பு என்று நாடெங்கும் பெயரெடுத்த ஊர். ரயிலுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கதவை ஒட்டி, பையை மாட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்ற நான்தான் அசடு வழிந்தேன்.

ஜியூகாவோகாவில் படியிறங்கி ஓயிமாச்சி தடத்து ரயிலைப் பிடித்தேன். வழக்கமான நேரத்துக்கே ஓகாயாமா! அப்படியானால் இந்த இரண்டு ஆண்டும் அங்கே மாறியிருக்கவே வேண்டாம். ஆய்வகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 23, சனி

விடுமுறை. டெனென்சோஃபுவில் இறங்கி முதன்முறையாக மேலே ஏறினேன்.

மேற்கு வாசலில் பழைய ஐரோப்பியப் பாணியில் சரிந்த கூரையோடு ஒரு சிறு கட்டிடம். 1923இல் நிலையத்தோடு பிறந்தது. நிலையத்துக்கு அப்போது சோஃபு என்றுதான் பெயர். தடத்தைக் கீழே இறக்கும் வேலைக்காக 1990இல் பிரித்தார்கள். 2000இல் பழையபடியே எழுப்பினார்கள். டிக்கெட் வாசல் அதற்குள் இல்லை. நடுவில் இருக்கும் திறப்பு வழியாக நுழைந்து வெளியே வரலாம், அவ்வளவுதான். வீண்செலவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை நுழைந்து வந்தேன்.

எதிரே அரைவட்டத் தெருக்கள். அவற்றை வெட்டிக்கொண்டு விரியும் கிங்கோ சாலைகள். இந்த ஜூலையில் வந்த புதிய 10,000 யென் தாளில் இருக்கிறாரே ஷிபுசாவா எயிச்சி, அவர் முன்னின்று 1918இல் தொடங்கிய நிறுவனம் போட்ட மனைகள் இவை. மகன் ஹிதேயோ மேல்நாட்டுத் தோட்டநகரங்களைப் பார்த்துவிட்டு வந்தவர். மனை விற்பனை தொடங்கிய 1923இலேயே நிலநடுக்கம் வந்து டோக்கியோ நகரம் எரிந்தது. பலர் இந்தப் பக்கம் குடிவந்தார்கள்.

வழிகாட்டிப் பலகையில் வரைபடம் பார்த்தேன். நோட்டைத் திறந்து இலையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். நிலையம் காம்பு, சாலைகள் நரம்பு.

ஒரு பாட்டி வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். "தினமும் கூட்டுவீர்களா?" என்றேன். "அது விழுகிற வரைக்கும்" என்றார். அவருக்குப் பின்னால் விழுந்துகொண்டுதான் இருந்தது.

டிசம்பர் 2, திங்கள்

கிகுனாவில் சிறப்பு விரைவு ரயில் முதலில் வந்தது. கூட்டமும் குறைவு. விட்டுவிட்டேன்.