இருபத்தாறு முறை ‘தெரியும்’

மார்ச் 24, 2025, திங்கள்

ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாட்டு வந்தது. குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். முன்னிசையே கிடையாது, எடுத்த எடுப்பில் குரல்தான். கையில் சோப்பு நுரை அடங்குவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. மொத்தமே இரண்டு நிமிடம், சொச்சம்.

மார்ச் 26, புதன்

இன்று எண்ணியே பார்த்தேன். நடுவில் ‘ஐ நோ’ (எனக்குத் தெரியும்) என்று சரியாக 26 முறை பாடுகிறார். அந்த இடத்தில் வேறு வரிகள் எழுதுவதாகத்தான் இருந்தாராம். கூட இருந்தவர்கள், “வேண்டாம், இப்படியே இருக்கட்டும்” என்றார்கள். லேசுப்பட்ட ஆட்களா அவர்கள்? தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ், கிதாரில் ஸ்டீபன் ஸ்டில்ஸ், பேஸ் கிதாரில் டொனால்ட் டன், டிரம்ஸில் அல் ஜாக்சன். விதர்ஸோ அப்போது தொழிற்சாலைத் தொழிலாளி. அனுபவசாலிகள் சொல்கிறார்களே என்று விட்டுவிட்டார்.

எழுதியிருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்றே நினைக்கிறேன். பாட்டில் வருகிறவன், தன்னைப் பிரிந்துபோகும் காதலியை நினைத்து ஏங்குகிறான்; அவளை விட்டுவிடுவதுதான் நல்லது என்று அவனுக்கே தெரியும். யாராவது புத்தி சொல்ல வந்தால் நாமும் அதைத்தானே சொல்கிறோம்? தெரியும், தெரியும், தெரியும். சொல்லச் சொல்ல, அதனால் ஒரு பயனும் இல்லை என்பதும் குரலில் ஏறிக்கொண்டே போகிறது.

மார்ச் 28, வெள்ளி

விதர்ஸ், அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1938-இல் பிறந்தவர். சின்ன வயதில் திக்குவாய். கடற்படையில் ஒன்பது வருடம். அப்புறம் போயிங் 747 விமானங்களுக்குக் கழிப்பறை இருக்கை செய்யும் வேலை. 1971-இல் வந்த ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’ ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள்: வேலை பார்த்த இடத்திலேயே, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். பாட்டை நம்பி வேலையை விட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. எனக்கு அந்த எச்சரிக்கை பிடித்திருக்கிறது. மாதச் சம்பளத்தின் அருமை தெரிந்த மனிதர்.

மார்ச் 30, ஞாயிறு

அவர் இறந்து இன்றோடு ஐந்து வருடம். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் இருந்தது ‘ஹார்லெம்’ என்ற பாட்டு. வானொலிக்காரர்கள்தான் தட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் இருந்த ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாட்டைப் பிரபலமாக்கினார்கள். அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் மூன்றாம் இடம், அப்புறம் கிராமி விருது.

மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு கூடவே பாடிப் பார்த்தேன். பதினான்காவது ‘ஐ நோ’விலேயே எண்ணிக்கை தவறிவிட்டது. அவர் பாடிக்கொண்டே போனார்.