கண் நிறையப் பார்த்த பிறகே பேனா: பாரசீக எழுத்தணிக்கலையின் பாடநூல்கள்

பாரசீக மொழியில் எழுத்தணிக்கலையைக் கற்பிக்கும் மிகப் பழைய உரைகளுள் ஒன்று, வரலாற்று நூல் ஒன்றின் பின்பகுதியில் இடம்பெற்றிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானை ஆண்ட செல்ஜூக் மரபுச் சுல்தான்களின் வரலாற்றை எழுதிய ராவந்தி, எழுத்துகள் வட்டத்திலிருந்தும் புள்ளியிலிருந்தும் உருவாவதை அங்கே விளக்குகிறார். நாணல் பேனாவின் முனையை ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே இக்கலையில் அளவுகோல் என்பதால், பேனா பருமனாயினும் மெல்லியதாயினும் எழுத்தின் விகிதம் மாறுவதில்லை.

ஆயினும் என்னை மிகவும் ஈர்த்தவர் இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள ஹெராத்தில், அதை ஆண்ட சுல்தான் உசைன் பைகராவின் ஆதரவில் பணியாற்றிய சுல்தான் அலி மஷ்ஹதி. நஸ்தலீக் எனும் சாய்ந்தோடும் பாரசீக எழுத்துவகையில் பெரும்புகழ் பெற்ற அவர், முதுமையில், 1514இல், தம் அனுபவம் முழுவதையும் செய்யுளாகப் பாடிவைத்தார். பேனா சீவுவது, காகிதத்துக்குச் சாயமேற்றி மெருகிடுவது, மை காய்ச்சுவது என எதையும் அவர் சிறிய செய்தியென ஒதுக்கவில்லை. மனப்பாடம் செய்ய ஏற்றது என்பதாலேயே இத்தகைய பாடங்களுக்குச் செய்யுள் பொருந்தியது என்று கருதுகிறேன். மை தயாரிப்பதற்கென்றே பாரசீகத்தில் புகழ்பெற்ற ஈரடி ஒன்று உண்டு: விளக்குப்புகைக் கரிக்குச் சம எடை அன்னபேதி (இரும்பு உப்பு), அவ்விரண்டின் எடைக்கு மாசிக்காய், அம்மூன்றின் எடைக்குப் பிசின், அதன்பின் தோள்வலிமை. அதாவது கரி ஒரு பங்கென்றால் பிசின் நான்கு பங்கு. எஞ்சியது அரைப்பவரின் உழைப்பு.

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது சுல்தான் அலி, முன்மாதிரியைப் பார்த்து எழுதும் பேனாப் பயிற்சியோடு பார்வைப் பயிற்சியையும் சேர்த்துச் சொல்கிறார். மாணவர் எந்த ஆசானைப் பின்பற்ற விரும்புகிறாரோ, அவருடைய எழுத்தால் கண் நிறையும்வரை பிறர் எழுத்தைப் பார்க்கலாகாது என்பது அவர் விதி. வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதையும் பயிற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொண்ட இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஏனெனில் வளைவின் பிழையைக் காணத் தெரியாத கண்ணால் கையைத் திருத்த இயலாது.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாபா ஷா இஸ்ஃபஹானி எழுதிய சிறுநூல் இவ்விரண்டுடன் மூன்றாவதாகக் கற்பனைப் பயிற்சியையும் விரித்துரைக்கிறது. (அந்நூல் நெடுங்காலம் புகழ்பெற்ற எழுத்தணிக்கலைஞர் மீர் இமாதுடையது என்றே கருதப்பட்டது.) முன்மாதிரி எதையும் பாராமல், மாணவர் தம் உள்ளத்தில் பதிந்த வடிவத்தைக் கொண்டே எழுதுவது இது. இங்கே பாபா ஷா காட்டும் எச்சரிக்கை வியக்கத்தக்கது: கற்பனைப் பயிற்சி மிகுந்து பேனாப் பயிற்சி குறைந்தால் எழுத்தில் சாரம் இராது, நகலெடுப்பதிலேயே நின்றுவிட்டவரோ, பிறர் எழுதியதைப் படித்துணர்ந்தும் தாமாக ஒன்றும் எழுத இயலாதவரைப் போன்றவர். இவ்விரண்டு பயிற்சிகளும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதற்கு மட்டும், மைக்குச் சொன்னது போன்ற எடைக்கணக்கு எதையும் அவர் தரவில்லை. அதை அருகிருக்கும் ஆசானே மாணவரின் எழுத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியும்.