தொட்டியில் வளரும் சுரபுன்னை: இதுவரை பார்த்தவை

கடலோரச் சேற்றில் வளரும் சுரபுன்னையைத் தொட்டியில் வளர்க்க முடியுமா என்றால், முடியும். உப்புத் தண்ணீர்கூடக் கட்டாயமில்லை. நான் வளர்ப்பது ரைசோபோரா மியூக்ரோனேட்டா என்ற இனம். மரத்திலிருந்து எதையும் பறிக்கவில்லை, கரையில் ஒதுங்கிக் கிடந்த, நீளக் குச்சி போன்ற நாற்றுகளையே எடுத்து வந்தேன். அரை மீட்டருக்கு மேல் நீளம், மேலெல்லாம் சிறு மருக்கள். இதன் நெருங்கிய உறவான ரைசோபோரா ஏபிகுலேட்டாவின் நாற்று இதைவிடக் குட்டை, இவ்வளவு சொரசொரப்பும் இருக்காது. அதை வைத்துத்தான் இனத்தை முடிவு செய்தேன். என்றைக்காவது பூத்தால் சந்தேகமே இருக்காது: மியூக்ரோனேட்டாவின் இதழ் ஓரங்களில் அடர்த்தியாக முடி இருக்கும், ஏபிகுலேட்டாவின் இதழில் இருக்காது.

அந்த நீளக் குச்சி முழுவதும் இளஞ்செடியின் தண்டுதான். கனி சிறியது, பழுப்பு நிறம். அது கிளையில் தொங்கும்போதே உள்ளே விதை முளைத்து, தண்டு கனியைத் துளைத்துக்கொண்டு கீழே நீள்கிறது. முற்றியதும் கனியை விட்டுக் கழன்று விழும். அதனால் நம் கைக்கு வருவது விதை அல்ல, உறங்கும் பருவம் என்று ஒன்று இல்லாத முழு நாற்று.

எடுத்து வந்ததில் ஒன்றை வண்டு துளைத்திருந்தது. அது பிழைக்காது என்று தெரிந்ததால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். வெட்டிய இடம் முதலில் வெளிர் நிறம், கொஞ்ச நேரத்திலேயே செம்பழுப்பு. கத்தியிலும் கறை. எல்லாம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் செய்கிற வேலை. தோல் பதனிட இந்த மரத்தின் பட்டையை ஏன் தேடிப் போனார்கள் என்பது அந்த ஒரு வெட்டிலேயே புரிந்தது.

மற்றவற்றைச் சாயாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் சேற்றில் செருகினேன். அப்புறம் வெகுநாள் மேலே எந்த மாற்றமும் இல்லை. தண்டில் சேர்த்து வைத்த உணவைக் கொண்டு செடி முதலில் வேர்விடுகிறது, இலை பிறகுதான். அந்த நாள்களில் அதை அசைத்துப் பார்க்கவே கூடாது.

இலை வந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உச்சியில் கூரான ஓர் உறை, உள்ளே சுருண்டபடி ஓர் இலைச்சோடி. இலைக்காம்பின் அடியில் வரும் இலையடிச்செதில்கள் சேர்ந்துதான் அந்த உறை. இலைகள் விரிந்ததும் அது உதிர்ந்து, தண்டைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு நிற்கிறது. அடுத்த சோடி முந்தைய சோடிக்குக் குறுக்காக வரும். இலை தடிப்பாக, மேலே பளபளவென்று இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் முழுக்கச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். நுனியில் மயிரிழை போல் ஒரு கூர். விரல் பட்டாலே ஒடிந்துவிடும். மியூக்ரோனேட்டா என்ற பெயர் அந்தக் கூர் நுனியால் வந்ததுதான்.

உப்பு விஷயத்தைச் சோதிக்க இரண்டு தொட்டி வைத்தேன். ஒன்றில் வெறும் நல்ல தண்ணீர். இன்னொன்றில் லிட்டருக்கு சுமார் 9 கிராம் உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கும் என்பதால் இது ஏறத்தாழ கால் பங்கு. இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. ஆனால் உப்புத் தொட்டியில் இலை அகலம், நிறமும் ஆழம். உப்பு இதற்குத் தேவையில்லை, சகித்துக்கொள்ளும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சம் உப்பு இதற்கு ஒத்துப்போகிறது. வேரே உப்பின் பெரும்பகுதியை வடிகட்டி வெளியே நிறுத்திவிடுவதால் இலையில் உப்புப் படிவதில்லை. இதே சேற்று நிலத்தில் வளரும் இன்னொரு மரமான வெண்கண்டல் வேறு வழியில் போகிறது; அது உப்பை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றும்.

வளர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புக் கரைசலையே திரும்பத் திரும்ப ஊற்றினால் தொட்டியின் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியா உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அது. உப்புத் தொட்டியில்தான் நாற்றம் அதிகம். சாதாரணச் செடியின் வேர் இதில் அழுகிவிடும். இதற்கு வெளியிலிருந்து காற்று வருகிறது: தண்டில் இருக்கும் மருக்களில் பல, காற்றை உள்ளே விடும் பட்டைத்துளைகள். அவற்றிலிருந்து காற்றறைகள் நிறைந்த திசு வழியாக ஆக்சிஜன் வேருக்கு இறங்குகிறது. அதனால் தண்டு முழுவதும் மூழ்கும்படி தண்ணீரைத் தேங்க விடுவதில்லை. இடையிடையே சேறு வெளியே தெரியும் அளவுக்கு வடித்துவிடுகிறேன். கடலில் ஏற்றவற்றம் செய்வதைத் தொட்டியில் நாம்தான் செய்தாக வேண்டும்.

இப்போது உப்புத் தொட்டிச் செடியின் தண்டில், சேற்றுக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு தெரிகிறது. தண்டிலிருந்து கிளம்பிச் சேற்றில் ஊன்றி மரத்தைத் தாங்கும் முட்டு வேர்களில் முதலாவதாக இருக்கும் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது பக்கவாட்டில் வளைந்து இறங்கத் தொட்டியின் வாய் போதாது. ஆழம் அவ்வளவாக இல்லாத அகலமான தொட்டி ஒன்று தேடுகிறேன். வேர் சேற்றைத் தொடும் முன் மாற்றிவிட வேண்டும்.