விரியும் கேஜ்: எந்தப் பக்கமிருந்து உள்ளே போகிறது?

முதுகெலும்புக்குள் வைக்கும் ஸ்பைன் இம்ப்ளான்ட் டிசைன் பண்ணுகிறேன் என்று சொன்னால் துறைக்குள் இருப்பவர்கள் இப்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான். "உள்ளே போனதும் விரியிற கேஜ் பண்றீங்களாமே, அதையே முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டுன்னு எல்லா ஆபரேஷனுக்கும் போடுற மாதிரி ஒரே டிசைனா பண்ணிட முடியாதா?" சேல்ஸ் ஆட்களுக்கு இது பெரிய ஆசை. ஒரே மெக்கானிசம், நீளத்தை மட்டும் மாற்றினால் போதும், ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் கருவி டிரேயும் சின்னதாகிவிடும். பண்ணலாம்தான், ஆனால் பண்ணக்கூடாது என்பது என் கட்சி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தேய்ந்துபோன டிஸ்கைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே வைக்கும் சின்னக் கூடுதான் கேஜ். அதன் நடுவில் எலும்புத் துகள்களை நிரப்புவார்கள், மேலெலும்பும் கீழெலும்பும் மாதக்கணக்கில் அதன் வழியாகச் சேர்ந்து வளர வேண்டும், அதுவரை இடைவெளியைத் தாங்கிப் பிடிப்பது கேஜின் பொறுப்பு. (முதலில் இது யோசிக்கப்பட்டது மனிதருக்கல்ல, குதிரைக்கு. கழுத்து முள்ளெலும்பு பிரச்சினையால் தள்ளாடும் குதிரைகளுக்காக ஜார்ஜ் பேக்பி என்ற அமெரிக்க சர்ஜன் செய்த உலோகக் கூடைதான் வளர்ந்து வளர்ந்து பேக் (BAK) கேஜ் ஆகி, 1996-ல் அங்கே மனிதர்களுக்கு அனுமதி பெற்றது.) அந்தக் கேஜ்கள் மரை போட்ட உருளைகள். திருகி ஏற்றிவிடலாம், ஆனால் சாய்வு கிடையாது. சிக்கலே அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

கீழ்முதுகு உள்நோக்கி வளைந்திருக்கிறது இல்லையா, அந்த வளைவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு எல்4-க்கும் எஸ்1-க்கும் நடுவில், அதாவது கடைசி இரண்டு டிஸ்க் பகுதிகளில் இருக்கிறது. பெரும்பாலும் ஃபியூஷன் (இப்படி எலும்புகளை ஒட்டவைப்பது) நடப்பதும் அங்கேதான். அந்த இடத்தைத் தட்டையாக ஒட்டவைத்துவிட்டால், அப்புறம் அந்த ஆள் நிமிர்ந்து நிற்பதற்கே இடுப்பைப் பின்னால் சாய்த்து முழங்காலை மடக்கி ஈடுகட்ட வேண்டிவரும். அதனால் கேஜின் முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் இருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 28 மி.மீ. நீளம், 12 டிகிரி சாய்வு என்றால் முன்முனை பின்முனையைவிட கிட்டத்தட்ட 6 மி.மீ. உயரம். பின்னால் 8 என்றால் முன்னால் 14. முதுகுப் பக்கமிருந்து போகும் டிலிஃப் ஆபரேஷனில் முதலில் உள்ளே நுழைய வேண்டியது அந்த 14 மி.மீ. முனை. ஆனால் தேய்ந்த டிஸ்கின் பின்வாசலில் இருப்பது 7, 8 மி.மீ. இடைவெளி. ஒரு பக்கம் வெளியேறும் நரம்பு, மறுபக்கம் கீழே இறங்கும் நரம்பும் அதன் உறையும், நடுவே விரல் நுழையாத ஒரு முக்கோணம். அதற்குள் இதை வைத்துச் சுத்தியலால் தட்டினால் எலும்பு நொறுங்கும், இல்லாவிட்டால் நரம்பு நசுங்கும். அதனால்தான் சர்ஜன்கள் வேறு வழியில்லாமல் சாய்வு குறைந்த கேஜை வைத்துவிட்டு வருகிறார்கள்.

இங்கேதான் விரியும் கேஜுக்கு அர்த்தம் வருகிறது. 8 மி.மீ. தட்டையாக உள்ளே போய், முன்முனை மட்டும் எழ வேண்டும். உள்ளே இருப்பது அடிப்படையில் கார் டயர் மாற்றும் ஜாக்கிதான்: ஒரு ஸ்க்ரூ, அது இழுக்கும் ஒரு சரிவுக் கட்டை, அதன்மேல் ஏறும் மேல்தட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வயர்கட் (மின்கம்பியால் உலோகத்தை அறுப்பது) போட்டுத் தரும் பட்டறைக்காரர் முதல் பீஸை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இவ்ளோ குட்டி ஜாக்கி எந்த வண்டிக்கு சார்?" என்றார். அங்கே எல்லாரும் ஆட்டோ பார்ட்ஸ்தான் பண்ணுகிறார்கள், கேட்காமல் என்ன செய்வார்.

ஜாக்கியின் பலம்தான் இதன் ஆபத்தும். 4 மி.மீ. ஸ்க்ரூவை 1 நியூட்டன்-மீட்டர் முறுக்கினால், உராய்வையெல்லாம் கழித்த பிறகும் மேலே கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 1000 நியூட்டன், அதாவது 100 கிலோ எடை. 1 நியூட்டன்-மீட்டர் என்பது சாதாரண ஸ்க்ரூடிரைவரை யோசிக்காமல் திருகும் அளவுதான். சாதா கேஜைத் தட்டும்போது சுத்தியலின் சத்தம் மாறுவதிலேயே சர்ஜனுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஸ்க்ரூவில் அந்தக் கை உணர்வு போய்விடுகிறது. 10 மி.மீ. அகலக் கேஜ் எண்ட்பிளேட்டின், அதாவது முள்ளெலும்பு டிஸ்கைத் தொடும் பரப்பின், நடுவில் உட்கார்ந்திருக்கிறது (எண்ட்பிளேட்டில் மிகப் பலவீனமான பகுதி அந்த நடுதான்), எலும்பு அடர்த்தி குறைந்த 65 வயது அம்மா, சி-ஆர்மில் (தியேட்டரிலேயே பார்க்கும் எக்ஸ்ரே) படம் அழகாக விரிகிறது, ஆனால் விரிந்தது இடைவெளியா, இல்லை தட்டு எலும்புக்குள் புதைகிறதா? ஒரு பக்கப் படத்தில் சட்டென்று சொல்ல முடியாது. அதனால் குறிப்பிட்ட முறுக்குக்கு மேல் போனால் நழுவிவிடும் கைப்பிடி இல்லாமல் இந்தக் கேஜை விற்பதே தப்பு என்பேன்.

இன்னொன்று, பிரோஷரில் யாரும் எழுதாதது. மூடியிருக்கும்போது நிரப்பிய எலும்புத் துகள், கேஜ் விரிந்ததும் மேல்தட்டைவிட்டு விலகிவிடும். எலும்புக்கு எலும்பு தொடாத இடத்தில் எது வளரும்? விரித்த பிறகு பின்னாலிருந்து துகளைத் தள்ள ஒரு துளை வேண்டும், அந்த இடத்தில்தானே ஸ்க்ரூ இருக்கிறது! மாதக்கணக்கில் எங்கள் சண்டையெல்லாம் இந்த ஒரு துளைக்காகத்தான்.

பக்கவாட்டில் போகும்போது கதையே வேறு. கேஜ் 50 மி.மீ.க்கு மேல் நீளம், 18 முதல் 22 மி.மீ. அகலம், இரண்டு ஓரத்திலும் உறுதியான எலும்பு விளிம்பில் உட்காரும். சாய்வும் குறுக்கே வருவதால் எந்த முனையும் முதலில் முட்டாது. முதுகெலும்பை ஒட்டி ஓடும் சோவாஸ் தசைக்குள் இருக்கும் நரம்புகளை எவ்வளவு நேரம் ஒதுக்கிப் பிடிக்கிறோம் என்பதுதான் இங்கே கவலை. விரியும் கேஜ் தட்டுவதையும் அளவு பார்க்க டிரையல் போட்டுப் பார்ப்பதையும் குறைக்கும், அது நல்லதுதான். ஆனால் சின்னக் கேஜின் ஒற்றை ஸ்க்ரூவை இங்கே நடுவில் வைத்தால் 50 மி.மீ. தட்டின் இரண்டு முனைகளும் ஒன்றுபோல எழாது. இரண்டு ஸ்க்ரூ வேண்டும், அப்போதே "ஒரே மெக்கானிசம்" காலி. எல்5-எஸ்1-க்கு இந்த வழியே கிடையாது, இடுப்பெலும்பு மறைக்கும்.

வயிற்றுப் பக்கம்? பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கிவிட்டால் டிஸ்க் முழுசாகத் தெரிகிறது, தாழ்ந்த முனை முதலில் போகிறது, உயர்ந்த முனை கடைசியில். 15 டிகிரி சாய்வுள்ள, விரியாத கட்டிக் கேஜையே நேராக வைத்துவிடலாம். அங்கே போய் உயரம் கூட்டும் ஜாக்கியை வைப்பது, துகள் இருக்க வேண்டிய இடத்தை இரும்பு சாமானுக்குக் கொடுப்பது. இங்கே எனக்கு வேண்டியதெல்லாம் சாய்வில் சில தேர்வுகளும் நல்ல பூட்டு ஸ்க்ரூக்களும்தான்.

மெட்டீரியலும் இஷ்டத்துக்கு இல்லை. பீக் பிளாஸ்டிக்கின் விறைப்பு 3.6 கிகாபாஸ்கல், எலும்புக்கு உறுத்தாது, ஆனால் மெல்லிய சரிவுக் கட்டைக்கு அது தாங்காது. டைட்டானியம் 110, தாங்கும். ஆனால் டைட்டானியம் மேல் டைட்டானியம் உரசினால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அனோடைஸ் பண்ணி (மேலே ஆக்சைடு படலம் ஏற்றி), மரைக்கு இடம் விட்டு, அப்புறம் எஃப்2077 என்ற கேஜ்களுக்கான தர டெஸ்டில் 50 லட்சம் முறை அழுத்திப் பார்க்க வேண்டும். புதைவதற்குத் தனி டெஸ்ட், ஃபோம் கட்டையில். கேஜை எடுத்த பிறகு அந்தக் கட்டையில் கிடக்கும் பள்ளத்தைப் பார்த்தாலே எந்த ஓரம் கூராக இருக்கிறது என்று தெரிந்துவிடும், கிராஃபுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இப்போது மேஜையில் இருக்கும் தலைவலி ரிவிஷன், அதாவது மறு ஆபரேஷன். பின்பக்கமாக வைத்த கேஜில் எலும்பு சேரவில்லை என்றால், தழும்பு கட்டிய அதே வழியில் நரம்பைத் தேடிக்கொண்டு போவதைவிட வயிற்றுப் பக்கமாகப் போய் எடுக்கவே சில சர்ஜன்கள் விரும்புவார்கள். மூடினால்தான் வெளியே வரும், மூடும் ஸ்க்ரூவின் தலையோ முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூவின் இரண்டு முனையிலும் அறுகோணக் குழி போட்டுப் பார்த்தோம். வேலை செய்கிறது, ஆனால் முன்சுவரில் இன்னொரு ஓட்டை விழுந்து, எழுகிற முனையே மெலிகிறது. சுவரைத் தடிமனாக்கினால் எலும்புத் துகள் நிரப்பும் ஜன்னல் சுருங்கும். அடுத்த பீஸ் வயர்கட்டுக்குப் போயிருக்கிறது.